பக்கத்து இருக்கை

முதுகலைத் தமிழ் படித்து, இருபதாண்டுக் காலமாகக் கல்லூரியில் பாடம் நடத்திவரும் நமக்கு, நீதிமன்ற அழைப்பாணை ஒன்றைப் படித்துப் பொருள் சொல்ல இயலாமற்போன நாள் ஒன்று உண்டு.

2023ஆம் ஆண்டு, தை மாதம். பேராவூரணியில் நம் வீட்டுத் திண்ணைக்கு மாணவன் ஒருவன் வந்து நின்றான். அவனுடைய தந்தை தேங்காய் ஏற்றும் குட்டியானை ஓட்டுபவர். பட்டுக்கோட்டைச் சாலையில் இரவுச் சோதனையின்போது அவரை நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மகன் நீட்டிய தாளில் '185' என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் நமக்கு விளங்கவில்லை.

"அப்பா தள்ளாடுற அளவுக்கெல்லாம் குடிக்கலங்கய்யா. வண்டிய நேராத்தான் ஓட்டுனாரு" என்றான்.

அன்றிரவு சட்டத்தைத் தேடிப் படித்தோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவு. அதற்கு இரண்டு கிளைகள். மதுவைப் பொறுத்தவரை சட்டம் கேட்பது ஓர் எண்ணை மட்டுமே. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் அது குற்றம். இங்கிலாந்தில் இந்த வரம்பு 80. முப்பது மில்லிகிராம் என்பது நம் ஊர்க் கணக்கில் ஒன்றிரண்டு நெல்மணிகளின் எடை. வண்டி நேராக ஓடியதா, கோணலாக ஓடியதா என்பது அங்கே கேள்வியே அன்று. கஞ்சா, மாத்திரை முதலிய போதைப்பொருள்களுக்கோ எண் எதுவும் இல்லை. வாகனத்தை முறையாகக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஓட்டியவர் அதன் பிடியில் இருந்தார் என்பதை நிறுவ வேண்டும். ஊதவோ இரத்தம் தரவோ தக்க காரணமின்றி மறுத்தால், அம்மறுப்பே எதிர்த்தரப்புச் சான்றுக்கு வலுச்சேர்ப்பதாகக் கொள்ளலாம் என்கிறது 205ஆம் பிரிவு.

முதல்முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019இல் திருத்தப்பட்ட இத்தொகைகள் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில். உயிர் போய்விட்டாலோ வழக்கின் பெயரே மாறிவிடும். 2006இல் மும்பையில் நடைபாதையில் உறங்கிய எழுவர் மீது கார் ஏற்றிக் கொன்ற அலிஸ்டர் பெரைரா வழக்கில், அது வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமே என்று கூறி, மூன்றாண்டுச் சிறையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

மறுநாள் இவற்றையெல்லாம் மாணவனுக்கு விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல், "பக்கத்துல நான்தாங்கய்யா உக்காந்திருந்தேன். எனக்கும் கேஸு வருமா?" என்றான்.

அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. குடித்துவிட்டு ஓட்டத் துணைநின்றவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆம் பிரிவு. உடன் பயணிப்போர்க்கும் அபராதம் உண்டெனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்ததும் இதன் அடிப்படையில்தான். தூண்டினார், அல்லது உதவினார் என்பதைக் காட்ட வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தது உதவி ஆகுமா என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது. தாளில் தந்தையின் பெயர் மட்டுமே இருந்தது. "உனக்கு வராதப்பா" என்றோம். சொல்லும்போதே நம் குரல் நமக்கு அயலாக ஒலித்தது.

2019இல் ஓர் இரவு. பட்டுக்கோட்டையில் திருமண வரவேற்பு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். உடன் பணியாற்றும் நண்பர் கார் ஓட்ட, பக்கத்து இருக்கையில் நாம். அவர் குடித்திருப்பது தெரியும். கஜா புயல் சாய்த்த தென்னைகளின் அடிக்கட்டைகள் முகப்பு விளக்கில் வந்து வந்து மறைந்தன. கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்கால் ஒன்றன் அருகே, எதிரே மிதிவண்டியில் வந்த பெரியவர் ஒருவர் நம் காருக்கு ஒதுங்கிக் கரையோரம் சரிந்து விழுந்தார். நண்பர் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தோம். எழுந்து நிற்பதுபோல் தெரிந்தது. "கொஞ்சம் மெதுவாப் போங்க சார்" என்றோம். அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் நாம் நடத்த வேண்டியிருந்தது திருக்குறளின் 93ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமை. நடத்தினோம்.

தந்தையிடமிருந்து சாவியைப் பிடுங்கு என்று ஒரு மகனுக்கு எப்படிச் சொல்வது? அவனுக்கு அச்சம் இருந்தது, மரியாதை இருந்தது. நமக்கு இருந்ததோ வெறும் கூச்சம். மாணவனிடம் அன்று அந்த இரவைப் பற்றிச் சொல்லிவிட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய தந்தை அபராதத்தைக் கட்டினார்.

அவ்வாண்டு சித்திரையில் இன்னொரு திருமணம். நண்பரிடம் கைநீட்டி, "சாவியக் குடுங்க சார்" என்றோம். முதலில் சிரித்தார். பிறகு கோபித்தார். முடிவில் காரை மண்டப வாசலிலேயே விட்டுவிட்டு, கடைசிப் பேருந்தில், தனித்தனி இருக்கைகளில் ஊர் வந்து சேர்ந்தோம். எங்களுக்கிடையே பழைய பேச்சு இன்னும் முழுதாக மீளவில்லை. வாய்க்கால் கரையில் விழுந்தவர் யாரென்பதும் இன்றுவரை நமக்குத் தெரியாது.