வினாவும் விடையும்

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், தம் நன்னூலில் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துரைத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேர் விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. தேர்வுக்காக நெட்டுருச் செய்த இப்பகுதியின் அருமை, மக்களைப் பெற்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

"இதைச் செய்வாயா?" என்பார்க்கு, "செய்யாமல் இருப்பேனா?" என்று எதிர்வினாத் தொடுப்பினும் அதனுள் இசைவு உண்டு. நம் இல்லங்களிலோ, "ஏன் அப்பா?" என்னும் பிள்ளைக்கு, "உனக்கேன் அந்தக் கவலை? போய்ப் படி" என்கிறோம். எட்டு வகையுள் எதிலும் இஃது அடங்காது. இது விடையன்று, கதவடைப்பு.

ஆந்திர மண்ணில் வாழும் நம் பிள்ளைகளுக்கு வினாக்கள் மிகுதி. சித்தூரில் ஏழாம் வகுப்புப் பயிலும் என் மகள் ஒருநாள், "வீட்டில் தமிழ் பேசுகிறோம், பள்ளியில் தெலுங்கு எழுதுகிறேன். இது நம் ஊரா, அவர்கள் ஊரா?" என்றாள். அவளுக்கு வரலாற்றையே விடையாகச் சொன்னேன். 1911இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953 அக்டோபர் 1இல் பிறந்த ஆந்திர மாநிலத்தோடு அது இணைந்தது. ம.பொ.சி. முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. "கோடுதான் மாறியது, அம்மா, குடிகள் மாறவில்லை. இஃது இருவர்க்கும் ஊர்" என்றேன்.

மூத்தவனின் வினா கடினமானது. "மதிப்பெண் தராத தமிழெழுத்தை நான் ஏன் கற்கவேண்டும்?" மதிப்பெண் இல்லை என்பது உண்மை; அதை மறைத்துப் பயனில்லை. திருமலைக்கு அழைத்துச் சென்று கோயிற் சுவரைக் காட்டினேன். அங்குள்ள கல்வெட்டுகளிற் பெரும்பாலன தமிழில் அமைந்தவை. அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளிற் பொறிக்கப்பெற்றுக் காக்கப்பட்டதும் அக்கோயிலிலேதான். மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக அங்கே ஒலிப்பது ஆண்டாளின் திருப்பாவை. "தெலுங்கு உனக்குக் கைவந்துள்ளது, தமிழையும் கற்றால் இக்கோயில் முழுமையும் உனக்குப் புரியும்" என்றேன். பழைய எழுத்துகளிடையே தனக்குத் தெரிந்த ஓரிரண்டைத் தேடிக் கண்டவன், "பார்க்கலாம் அப்பா" என்றான். அவன் இன்னும் இசையவில்லை. ஆயினும் வினவுவதை நிறுத்தவில்லை.

எல்லா வினாவிற்கும் பெற்றோரிடம் விடை இராது. "தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன்" என்பது இழிவன்று, சொன்னபடி தேடிச் சொல்லாமையே இழிவு.

பிள்ளைகள் ஓயாது வினவுகின்றனர் என்று நண்பர் பலர் சலித்துக்கொள்கின்றனர். அஞ்சத்தக்கது அவ்வினா ஓயும் நாளே. தமிழில் கேட்ட வினாவிற்கு வீட்டில் விடை கிடையாத பிள்ளை, அடுத்த வினாவை வேறிடத்தில், வேறு மொழியிற் கேட்கும். அப்போது விடை சொல்ல நாம் அருகில் இரோம்.