சும்மாடு இல்லாத நடை

எங்க விருத்தாசலத்துக்குப் பழைய பேரு திருமுதுகுன்றம். சாமி பேரு பழமலைநாதர். திருவண்ணாமலைக்கும் முந்தின மலை இதுதான்னு ஊர்ப் பெரியவங்க ஒரு கதை சொல்லுவாங்க. ஆனா நீங்க வந்து பாத்தீங்கன்னா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மலை கிடையாது. மணிமுத்தாறு, செம்மண் மேடு, முந்திரிக் கொல்லை, பீங்கான் பொம்மை சுடுற சூளை. அவ்வளவுதான். மலையைப் பேர்ல வச்சிருக்கிற ஊர்ல பொறந்து வளந்தும், ஐம்பது வயசு தாண்டுற வரைக்கும் நானும் வீட்டம்மாவும் ஒரு மலையும் ஏறுனதில்ல. திருவண்ணாமலை கிரிவலம் நான் போயிருக்கேன். 14 கிலோமீட்டர். ஆனா அது மலையைச் சுத்துறது, ஏறுறது இல்ல.

வீட்டம்மாவுக்கு ரெண்டு மூணு வருஷமா முட்டிவலி. டாக்டர்கிட்ட காட்டினப்ப, "தினமும் கொஞ்சம் நடங்கம்மா"ன்னு சொன்னாரு. வெளிய வந்ததும் சிரிச்சுட்டா. "நான் நடக்காத நடையாங்க?" அவ சொன்னதும் நிஜம்தான். காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடக்கிறவதான். ஆனா என்னிக்கும் தலையில ஒரு சுமை இருக்கும். புல்லுக்கட்டு, எருக்கூடை, மல்லாட்டை மூட்டை. டவுன்ல இருக்கிறவங்களுக்குச் சும்மாடு தெரியுமோ என்னவோ. துணியைச் சுருட்டி தலையில வச்சு, அதுமேல சுமையை ஏத்துறது. சும்மாடு இல்லாம அவ நடந்து நான் பாத்தது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான்.

2024 தை மாசம், சம்பா அறுப்பு முடிஞ்சு முந்திரி பூத்திருந்த நேரம். நடுவுல நாலு நாள் ஓய்வு கிடைச்சுது. கூட்டாளி ஒருத்தரு, "ரமணாசிரமத்துக்குப் பின்னால கந்தாசிரமம் போற பாதை இருக்கு. கல்லு பாவி வச்சிருக்காங்க. வயசானவங்களே போறாங்க"ன்னாரு. உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் வழியா பஸ் ஏறிப் போயிட்டோம்.

மலை உச்சி 2,668 அடின்னு சொல்றாங்க. இந்தப் பாதை உச்சிக்குப் போறதில்ல, மலையோட இடுப்பு வரைக்கும்தான். வேகமா நடக்கிறவங்களுக்கு அரை மணி நேரம். எங்களுக்கு ஒரு மணிக்கு மேல ஆச்சு. அவ முதல்ல தடுமாறுனா. "தலையில ஒண்ணும் இல்லாம நடந்தா கால எங்க வக்கிறதுன்னே தெரியலீங்க." கொஞ்ச தூரம் போனதும் கை தானா வீச ஆரம்பிச்சுது. முப்பது வருஷத்துல அவ கைவீசி நடக்கிறதை அன்னிக்குத்தான் பாக்குறேன்.

எனக்குக் கண்ணு மண்ணுமேலயே இருந்துச்சு. பாறை, நடுவுல ஒரு சாண் மண்ணு, அதுல மரம். ஒரு காலத்துல இந்த மலை மொட்டையா கிடந்துச்சாம். கோடையில புல்லு காஞ்சு தீப்பிடிக்கும், வச்ச கன்னும் சேந்து எரிஞ்சு போகும். பல வருஷமா வனத்துறையும் தொண்டு செய்யிறவங்களும் கன்னு நட்டு, தீத்தடுப்புக் கோடு போட்டுக் காப்பாத்தி வந்திருக்காங்க. சமதரையில ஒரு முந்திரிக் கன்னு பிழைக்கவே முதல் ரெண்டு கோடைக்குக் குடம் குடமா தண்ணி தூக்கணும். பாறைச் சரிவுல எத்தனை குடம் ஏறியிருக்கும்? நாம சும்மா நடக்கிற பாதையில யாரோ சும்மாடு கட்டி ஏறியிருக்காங்க.

வழியில ஒரு பாறை திட்டு. அங்கேருந்து பாத்தா அண்ணாமலையார் கோயில் முழுசும், அத்தனை கோபுரமும் கீழ தெரியுது. 217 அடி ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்தே பாத்தவங்க நாங்க. அதைக் குனிஞ்சு பாக்கிறது புதுசா இருந்துச்சு.

1896ல பதினாறு வயசுப் பையனா இந்த ஊருக்கு வந்த ரமணர் 1916 வரைக்கும் விரூபாட்ச குகையில இருந்தாரு. அப்புறம் 1922 வரைக்கும் கந்தாசிரமம். அங்க ஒரு சுனை இருக்கு, தென்னை நிக்குது. உள்ள போயி அமைதியா உக்காந்தோம். வேற ஒண்ணும் செய்யல.

குகை வழியா ஊருப் பக்கம் இறங்கினோம். முட்டிக்கு ஏத்தத்தைவிட இறக்கம்தான் வேலை வச்சுது. அடிவாரத்துல மலையை ஒட்டியே வீடுங்க. ஒரு பொண்ணு வாசல்ல உக்கார வச்சு தண்ணி குடுத்துச்சு. இவ அதோட பேரு, தெரு, புள்ளைங்க படிப்பு எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் எழுந்தா.

அதே வருஷம் டிசம்பர் 1ந் தேதி. ஃபெஞ்சல் புயல் மழை எங்க பக்கமும் கொட்டி, நெல்லு தண்ணியில நின்னுச்சு. வரப்பை வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தா டிவியில திருவண்ணாமலை. வ.உ.சி. நகர்ல மலைச்சரிவு, பாறையும் மண்ணும் வந்து வீட்டை மூடிடுச்சு. ஏழு பேரு செத்துப்போனாங்க, அதுல சின்னப் புள்ளைங்களும் உண்டு. அந்தப் பொண்ணு சொன்ன தெரு அது இல்ல. நான் அதைச் சொல்லி இவளைத் தேத்தப் பாத்தேன். "அவ தெரு இல்லன்னா இன்னொருத்தி தெருதானேங்க"ன்னா. அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடல.

மலைக்கு நாம ஒரு நாள் போயிட்டு வந்துடுறோம். அதுக்குக் கீழயே குடியிருக்கிறவங்க ஒவ்வொரு அடைமழைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. போட்டோவுல அது தெரியாது.

நீங்க போறதா இருந்தா, பாதை திறந்திருக்கான்னு முதல்ல விசாரிச்சுக்குங்க. மழை நாள்ல வேண்டாம். தீப்பெட்டி, பிளாஸ்டிக் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. குரங்கு இருக்கு, தின்பண்டத்தைக் கையில தொங்கவிடாதீங்க. இறங்கும்போது நிதானமா இறங்குங்க.

வீட்டம்மா இப்பவும் விடியக்காலையில மாட்டைக் கறந்துட்டு முந்திரிக் கொல்லை வரைக்கும் வெறுங்கையோட நடக்கிறா. முட்டிவலி முழுசா போகல, கொஞ்சம் தேவலை. தெருவுல யாராவது "எங்க கிளம்பிட்ட?"ன்னு கேட்டா, "சும்மா"ங்கிறா.