பலகை இல்லாத மேசை

நாங்கள் மூன்று பேர். ஒருத்தி வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஒருத்தி உயிரித் தொழில்நுட்பத்தில் ஆய்வை முடித்துவிட்டு ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். ஒருத்தி மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். மூன்று வேறு காலனிகளிலிருந்து வந்தவர்கள். மூவருமே வீட்டில் முதல் பட்டதாரிகள். சேர்ந்த முதல் வாரத்தில் மூவரிடமும் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். "எந்த ஊரும்மா?" சொன்னோம். "ஊர்ல எந்தப் பக்கம்?" தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் அந்த இரண்டாவது கேள்வியின் பொருள் தெரியும்.

எங்களில் ஒருத்தி பொதுப்பிரிவு கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தாண்டித் தேறியவள். யாரும் நம்பவில்லை. ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எங்களுக்கு விருப்பமில்லை. இட ஒதுக்கீட்டில் வந்தால்தான் என்ன? அது உரிமை, பிச்சை அல்ல. வாசலைத் தாண்டுவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். உள்ளே இருக்கும் மேசையைப் பற்றிப் பேசியது குறைவு.

ஆராய்ச்சிக் கூடத்தில் நாலு மணிக்கு டீ. எந்த ஆய்வுச் சிக்கலை யார் எடுப்பது, கட்டுரையில் யார் பெயர் முன்னால் வருவது, மாநாட்டுக்கு யாரை அனுப்புவது, பெரும்பாலும் எல்லாம் அந்த டீ மேசையில்தான் முடிவாகும். எங்களை வராதே என்று யாரும் சொன்னதில்லை. டிபன் பாக்ஸ்கள் கை மாறும். எங்களுடையது மட்டும் அப்படியே இருக்கும். "தப்பா எடுத்துக்காதப்பா, நாங்க வெஜ்" என்றாள் ஒரு தோழி. அடுத்த வாரம் அவளே கேன்டீனில் மற்றவர்களோடு சிக்கன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நாங்கள் டீ நேரத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். "இவ ரொம்ப அமைதி, யார்கூடயும் சேர மாட்டா" என்று பெயர் வந்தது. மென்பொருள் நிறுவனத்தில் மேசை வேறு, கதை அதேதான். இனிஷியலை விரித்துச் சொல்லச் சொல்வார்கள். சொன்ன பிறகு டீம் லஞ்ச் எப்போது நடந்தது என்பதே நமக்குத் தெரியாது.

நம் சமூகத்து ஆண்களுக்கும் இந்த அவமானம் உண்டு. ஆனால் அவர்களுக்கு வெளியே ஒரு டீக்கடையாவது இருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு ஒரு சீனியரோடு நின்று பேசி, விட்டதைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு ஒன்பதரைக்கு விடுதிக் கதவு சாத்தப்படும். ஜூனியர்களுக்குக் கருவி கிடைப்பதோ ராத்திரியில்தான். தங்கினால் பேச்சு வரும். பேச்சு ஊர் வரைக்கும் போகும். "படிச்சது போதும், வந்துடு" என்று வீட்டிலிருந்து போன் வரும்.

பெண்கள் கூட்டத்துக்குப் போனால் கழிப்பறை, பேறுகால விடுப்பு என்று பேசுவார்கள். அவசியமானவைதான். மேசையைப் பற்றிச் சொன்னால், "இங்கே எதுக்கு சாதியைக் கொண்டு வர்றீங்க?" நம்முடைய கூட்டத்துக்குப் போனால், "முதல்ல சாதி ஒழியட்டும், பெண் பிரச்சினையை அப்புறம் பார்ப்போம்." தோழர்களே, எங்களுக்கு இரண்டும் ஒரே நாளில், ஒரே அறையில் நடக்கிறது. எதை முதலில் வைப்பது?

இந்த மேசை புதிதல்ல. 1920-இல் அயனியாக்கச் சமன்பாட்டைத் தந்து உலக வானியற்பியலையே திருப்பிப்போட்ட மேகநாத் சாஹா, கல்கத்தாவில் மாணவராக இருந்தபோது உயர்சாதி மாணவர்கள் விடுதியில் அவரோடு சேர்ந்து உண்ண மறுத்தார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு மேசை இருந்தது. வர்ஜீனியாவில், பின்னாளில் நாசாவின் பகுதியான லாங்லி ஆய்வுக்கூடத்தில் 1943 முதல் கறுப்பினப் பெண்கள் விமானச் சோதனைகளுக்குக் கணக்குப் போட்டார்கள். அன்று 'கம்ப்யூட்டர்' என்பது இயந்திரத்தின் பெயரல்ல, அந்தப் பெண்களின் பதவிப் பெயர். அவர்களுக்கு உணவகத்தின் ஓரத்தில் தனி மேசை. அதன் மேல் நிறத்தைச் சொல்லும் ஒரு சிறு பலகை. மிரியம் மேன் என்ற பெண் அந்தப் பலகையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மறுபடி வைத்தார்கள். மறுபடி எடுத்தார். ஒரு கட்டத்தில் அது திரும்ப வரவேயில்லை.

அங்கே 1951-இல் சேர்ந்த மேரி ஜாக்சன், பொறியாளராக வேண்டிய வகுப்புகள் வெள்ளையருக்கான பள்ளியில் நடந்ததால், அதில் உட்கார நகர நிர்வாகத்திடம் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார். 1958-இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் பிறகு செய்தது. 1979-இல் தன் பதவி இறங்குவதை ஏற்றுக்கொண்டு, மற்ற பெண்களின் வேலைக்கும் உயர்வுக்கும் வழி செய்யும் பொறுப்புக்கு மாறினார்.

மிரியம் மேனுக்கு எடுத்துப் பையில் போட ஒரு பலகை இருந்தது. எங்கள் மேசையில் பலகையே இல்லை. அதனால் புகார் எழுதப் போனால், "ஆதாரம் எங்கே?" என்கிறார்கள்.

எழுதப்பட்ட பலகைகளும் இருக்கின்றன, ஆனால் அவை மேல்மாடியில். குரூப் 'ஏ'-வின் கடைசிப் படிக்கு மேலே, ஆராய்ச்சி செய்யும், ஆராய்ச்சியை வழிநடத்தும் அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளை இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்க மத்திய அரசின் விதிகளே இடம் தருகின்றன. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணி இட ஒதுக்கீட்டுக்காக 2019-இல் வந்த சட்டமும், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹோமி பாபா தேசிய நிறுவனம் போன்றவற்றை ஓர் அட்டவணையில் போட்டு விலக்கி வைத்தது. கீழே நுழையலாம், மேலே உட்காரக் கூடாது என்பதுதானே இதன் பொருள்? வழிகாட்டியின் நாற்காலியில் தன்னைப் போன்ற ஒரு பெண்ணை எங்கள் பிள்ளைகள் எப்போது பார்ப்பார்கள்?

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது: எழுதுங்கள். எத்தனை பட்டியல் சாதிப் பெண்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். சாதியைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் எண்ணினால் நாங்கள் இரண்டிலும் காணாமல் போவோம், சேர்த்து எண்ணுங்கள். கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பது ஆய்வு தொடங்கும்போதே எழுத்தில் இருக்கட்டும். கருவி நேரத்துக்குப் பதிவேடு இருக்கட்டும், பகல் நேரம் முறை வைத்துக் கிடைக்கட்டும். புகார்க் குழுவில் துறைக்கு வெளியே இருந்து ஒரு தலித் பெண் உட்காரட்டும். தங்கைகளே, நீங்களும் எழுதுங்கள்: தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர். ஆதாரம் கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

எங்களில் ஒருத்தியின் அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர். ஆய்வு என்ன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. போனில் கேட்பது ஒன்றுதான்: "அங்க யாரோட உக்காந்து சாப்பிடற?" பல வருடம் பொய் சொன்னாள். இந்த ஆண்டு புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி அவளுக்கும் வந்துவிட்டது. அன்று மத்தியானம் எங்கள் ஆள் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரே உட்கார்ந்து திறந்தாள். கருவாட்டுக் குழம்பு. இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். டீ நேரத்தில் குடுவைகளைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, இருவருமாக அந்த மேசைக்குப் போனார்கள்.

ஜெய்பீம்.