வழக்கா? சட்டமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

விண்ணப்பப் படிவம் என்றாலே பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், சான்றிதழ் எண் ஆகியவற்றைக் கேட்கும் காகிதம் என்றுதான் நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். இக்கல்லூரியில் சேர்ந்தபோது நாம் நிரப்பியதும் அத்தகையதே. ஆனால், "இந்தப் படிப்பு உனக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டு, விடை எழுத இரண்டு பக்கம் இடமும் விட்டு வைக்கும் விண்ணப்பங்களும் உண்டு. சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பயில என் அக்கா முயன்றபோது, கூடமாட உதவி செய்தவன் என்ற முறையில் நான் கண்டதையும் கற்றதையும் இம்மலரின் வாயிலாக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. அந்தச் சந்தில் முதன்முதலாகக் கறுப்பு அங்கி அணிந்தவர் என் அக்காதான். மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இரண்டாண்டுகளாக ஜூனியராக இருக்கிறார். ஒருநாள் இரவு, "மேலே படிக்கப் போகிறேன்" என்று அவர் சொன்னதும் வீட்டில் பெரும் வியப்பு.

"அதான் வக்கீல் ஆயிட்டியே ஆத்தா, இன்னும் என்ன படிப்பு?" என்றார் அப்பா.

"படிச்சுக்கிட்டே இருந்தா கல்யாணம் எப்ப?" என்றார் அம்மா.

அப்பாவின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மருத்துவத்தில் முதுநிலை படித்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. வழக்கறிஞர் தொழிலுக்கோ அது வேண்டியதே இல்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, சட்டத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறினால் போதும். உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடலாம். நம் பக்கத்துப் பெரியவர்கள் "எம்.எல்." என்று சொல்லும் முதுநிலைப் பட்டம், சட்டக் கல்லூரியில் ஆசிரியராக விரும்புவோருக்கே பெரிதும் தேவைப்படுகிறது. அதனோடு நெட் அல்லது செட் தேர்விலும் பொதுவாகத் தேற வேண்டும். மதுரையில் ஜூனியர் வழக்கறிஞருக்கு மாதம் 20,000 ரூபாயேனும் உதவித்தொகை வழங்க வேண்டும் என்று 2024-இல் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. வருமானத்துக்கு வழி பிறக்கும் நேரத்தில் அதை விட்டுவிட்டுப் புத்தகப் பையைத் தூக்குவது அறிவுடைமையா என்று ஒரு தகப்பனார் கேட்பதில் வியப்பென்ன?

நிற்க. வழிகள் எவை என்று முதலில் பார்த்தோம். 1997-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது. அங்கே இரண்டாண்டுப் படிப்பு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓராண்டிலேயே முடித்துவிடலாம். திருச்சியில் உள்ளதும் அவற்றுள் ஒன்று. இவற்றில் சேரக் 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 120 வினாக்கள், 120 நிமிடங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் போய்விடும். கட்டணமோ லட்சங்களில்.

கடல் கடந்தும் வழி உண்டு. தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள் முதலானோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுநிலைக் கல்வி பெற மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 'பி.சி.எல்.' என்றொரு பட்டம். பெயரளவில் அது இளநிலை, தரத்திலோ முதுநிலை. அந்தத் தேர்வை 1892-லேயே எழுதினார் கொர்னேலியா சொராப்ஜி என்னும் இந்தியப் பெண்மணி. பெண்களுக்குப் பட்டம் வழங்காத காலம் அது. அவருக்குப் பட்டம் கிடைத்தது 1922-இல்! முப்பது ஆண்டுகள்! "கல்யாணம் எப்ப?" என்று கேட்ட அம்மாவிடம் அக்கா இந்தக் கதையைத்தான் சொன்னார். அம்மா வேறொன்றும் பேசவில்லை; "பாவம் அந்தப் பொண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மதிப்பெண் பட்டியலும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் ஒருவாறு சேர்ந்துவிட்டன. நோக்க உரைதான் எங்களைத் திணறடித்தது. "ஏழை எளியோருக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன், சமூக நீதி என் மூச்சு" என்றெல்லாம் அக்கா எழுதியதைப் படித்த அவருடைய பழைய பேராசிரியர் கேட்டாராம்: "உன் பெயரை அடித்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் இது பொருந்துமே அம்மா! உன்னிடம் உள்ள கேள்வி என்ன?"

அதன் பிறகு அக்கா ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தமிழில் எழுதத் தொடங்கினார். சில மாதங்களுக்கு முன் தம் மூத்தவருடன் நன்னடத்தைப் பிணை விசாரணை ஒன்றுக்குப் போயிருந்தார். பழைய வழக்குகள் சில உள்ள ஒருவரிடம், இனி ஒழுங்காக இருப்பேன் என்று பிணைப் பத்திரம் கேட்கும் நடவடிக்கை அது. செய்த குற்றத்துக்கான தண்டனையன்று. இனிச் செய்யக்கூடும் என்ற ஐயத்துக்கான கட்டு. "இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?" என்பதே அக்காவின் கேள்வி.

விடை வெகு தொலைவில் இல்லை. நம் மதுரைச் சீமையிலேயே இருந்தது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றார்கள். பிறந்த குலமே குற்றம் என்றது அச்சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். அம்மக்களுக்காக வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து, எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் பயின்று, மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினர். யானைக்கல் சந்திப்பில் சிலையாக நிற்பவர் அவரே.

அந்தப் பெருமகன் தம்மை நாடி வந்த மனிதர்களுக்காக வழக்காடினார். ஆனால் சட்டம் நின்றுகொண்டே இருந்தது. அவர் 1938-இல் மறைந்தார். சென்னை மாகாணத்தில் அது நீங்கியது 1947-இல். மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. குலம் போய்த் தனியாள் வந்தான். சந்தேகம் மட்டும் போகவில்லை. குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 110-ஆம் பிரிவாக இருந்த நன்னடத்தைப் பிணை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129-ஆம் பிரிவாகியிருக்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்று சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 'வழக்கமான குற்றவாளி' என்ற சொல் சீர்மரபினர் மீது எவ்வாறு பாய்ந்தது என்பதையும் ஆராய்ந்தது.

வழக்கறிஞர் ஒரு மனிதனைக் கூண்டிலிருந்து இறக்கப் பாடுபடுகிறார். சட்டத்தையே கூண்டில் ஏற்றி, "நீ எப்படிப் பிறந்தாய்? யாருக்காக நிற்கிறாய்?" என்று கேட்பதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். முதுநிலைப் படிப்பு அதற்குத்தான் என்று அக்கா எழுதினார். தமிழில் எழுதியதை இருவரும் ஒரு வாரம் அமர்ந்து ஆங்கிலமாக்கினோம். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து நிறுத்து வைத்தோம்.

முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தாவுக்குக் கட்டவிரல்ல மை காயவே காயாதுன்னு அப்பத்தா சொல்லும்" என்றார். அவருடைய ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்பது எங்களுக்குத் தெரியும், இது தெரியாது. இத்தனை ஆண்டுகளில் அவர் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சற்றுப் பொறுத்து, "மெட்ராசுல ஆஸ்டலுக்கு மாசம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். சம்மதம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு இடம் கிடைக்குமா, கிடைத்தாலும் பணம் திரளுமா என்பது இதை எழுதும் வரை முடிவாகவில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் விண்ணப்பிப்பதாக இருக்கிறார். பல்கலைக்கழகம் என்ன முடிவு செய்தாலும் அந்த இரண்டு பக்கங்கள் எங்கள் வீட்டில் இருக்கும்.

நண்பர்களே! நம் வகுப்புகளிலிருந்தும் சிலர் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகக்கூடும். அதற்கு அப்பாலும் போகக்கூடும். வரலாறும் பொருளாதாரமும் தமிழும் பயின்ற நமக்குச் சட்டம் அந்நியமான துறையன்று. பட்டா கிடைக்காத வீடு, கூலி குறைந்த வேலை, வறண்ட கண்மாய் என நம் ஒவ்வொருவர் தெருவிலும் ஒரு சட்டக் கேள்வி நின்றுகொண்டிருக்கிறது. மதிப்பெண்ணைச் சேர்க்கும்போதே அந்தக் கேள்வியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் தொலைந்தால் நகல் வாங்கிவிடலாம். கேள்விக்கு நகல் தருவார் எவருமில்லை.