மார்கழியில் வந்த கோடை

ஆஸ்திரேலியாவின் கோடை எங்கள் வீட்டுக்கு மார்கழியில்தான் வந்தது. சிட்னியில் காலை பதினொன்று என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியற்காலை ஐந்தரை. அங்கே கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்குவார்கள். இங்கே நாங்கள் போர்வைக்குள் இருப்போம். ஆண்டாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும். அதோடு போட்டிபோட மாட்டாமல், ஜன்னல் திண்டில் பெரியப்பாவின் டிரான்சிஸ்டர் முனகும்.

1991 நவம்பர் கடைசியில் தொடங்கி அடுத்த மார்ச் வரை நீண்ட அந்தப் பருவம் இன்றும் தமிழ் மாதங்களாகத்தான் என் நினைவில் இருக்கிறது. கார்த்திகையில் பிரிஸ்பேன். மார்கழியில் மெல்போர்ன், சிட்னி. தையில் அடிலெய்டும் பெர்த்தும். மாசி பிறந்ததும் உலகக் கோப்பை. ஐந்து டெஸ்ட், நடுநடுவே மேற்கிந்தியத் தீவுகளையும் சேர்த்து ஒரு முத்தரப்புத் தொடர், அது முடிந்து மூச்சு வாங்குவதற்குள் உலகக் கோப்பை. அசாருதீன் தலைமையில் போன இந்திய அணி நாலு மாதம் வீடு திரும்பாமல் ஊர் ஊராகப் போய்த் தோற்றது. டெஸ்ட் தொடர் 4-0. அந்தத் தோல்விகளுக்காகத்தான் இப்போது ஏங்குகிறேன் என்றால், கிரிக்கெட் பார்க்காதவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். உங்களுக்கும் அப்படி ஒரு பருவம் இருந்திருக்கும்.

ஷார்ட் வேவில் ஸ்டேஷன் பிடிப்பது ஒரு தனி வித்தை. முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினால் சீனமோ அரபியோ வந்துவிடும். ஏரியலில் செப்புக் கம்பியைச் சுற்றி, கொல்லையில் துணி காயும் கொடி வரை இழுத்துக் கட்டியிருந்தார் பெரியப்பா. செல் தீரப்போகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே கழற்றி மொட்டை மாடியில் வெயிலில் வைப்பார். அதில் இன்னும் இரண்டு செஷன் ஓடும் என்பது அவர் கணக்கு. ஆஸ்திரேலிய வானொலியின் ஆங்கிலம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல வரும், தேயும், மறுபடி வரும். பந்து வீச ஓடிவருகிறார் என்பது கேட்கும். அதற்கப்புறம் ஒரே இரைச்சல். என்ன ஆயிற்று என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குரல் திரும்பி வரும்போது அடுத்த பந்துக்கு ஓடிவந்துகொண்டிருப்பார். அவ்வளவுதான். நடுவில் போன பந்து போனதுதான்.

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வேண்டியிருக்கவும் இல்லை. நம்மவர்கள் ஆடும்போது ரேடியோவில் கூட்டம் கத்தினால் விக்கெட் விழுந்தது என்று அர்த்தம். கூட்டம் அடங்கிக் கிடந்தால் ரன் வருகிறது என்று அர்த்தம். வாசலில் கோலத்தை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர், இரைச்சல் எழும்பியதும் அங்கிருந்தே கேட்பார்: “ஏய்யா, யாரு போனா?” கேள்வி எனக்குத்தான். பெரியப்பாவிடம் அந்த நேரத்தில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. நான் பெயரைச் சொல்வேன். “இருக்கட்டும், அந்தச் சின்னப் பையன் இருக்கானில்ல” என்பார். சின்னப் பையன் டெண்டுல்கர். அப்போது பதினெட்டு வயது.

சிட்னியில் அந்த ஆரவாரம் அதிகம் எழவே இல்லை. ரவி சாஸ்திரி 206, சச்சின் ஆட்டமிழக்காமல் 148. ஆஸ்திரேலியாவின் 313-க்கு நாம் 483. மைதானம் அவ்வளவு அடங்கிக் கிடந்ததைக் கேட்கக் கேட்க எங்களுக்கு இனித்தது. புதிதாக ஒரு லெக் ஸ்பின்னரைக் கொண்டுவந்திருந்தார்கள். சாஸ்திரியின் விக்கெட்டைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் 150 ரன் கொடுத்துவிட்டுப் போனார். “இனி இந்தப் பயல எடுக்க மாட்டானுக” என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் பெரியப்பா குளிக்கப் போனார். அந்தப் பயல் ஷேன் வார்ன். மறு ஆண்டு அவர் பந்தில் இங்கிலாந்தின் கேட்டிங் பவுல்டு ஆன பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

கடைசி நாள் ஆஸ்திரேலியாவுக்கு 173-க்கு எட்டு விக்கெட் விழுந்தும் பார்டரை அசைக்க முடியவில்லை. டிரா. அன்றைய கடைசி செஷனை நாங்கள் கேட்கவும் இல்லை. ஒன்பதரைக்கு மேல் அவருக்குத் தாலுகா ஆபீஸ், எனக்குப் பள்ளிக்கூடம். வழியில் ஒரு ரேடியோ கடைப் பலகையில் சாக்பீஸில் ஸ்கோர் எழுதிப் போடுவார்கள். அதைப் பார்க்க சைக்கிளை நிறுத்தினால், முன்பின் தெரியாத ஆட்கள் தோளில் கைபோட்டுப் பேசுவார்கள். சாயங்காலம் பென்னிங்டன் நூலகம். கசங்கிப்போன ஸ்போர்ட்ஸ்டாரைப் புரட்டி, போன வாரம் காதால் கேட்ட விக்கெட்டின் படத்தைத் தேடுவோம். நான் மனதில் போட்டு வைத்திருந்த படத்துக்கும் அச்சிலிருந்த படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. என்னுடையதுதான் நன்றாக இருக்கும்.

எத்தனை வகைத் தோல்வி! அடிலெய்டில் 372 துரத்தி அசாருதீனின் 106-ஐ நம்பிக் கடைசி வரை உட்கார்ந்து, 38 ரன்னில் போனது. பெர்த்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு இரண்டு பக்கமும் 126 எடுத்து டை ஆனது. ஜெயிப்பதா தோற்பதா என்று தெரியாத சமயத்தில் சச்சினின் கையில் பந்தைக் கொடுத்து, ஸ்லிப்பில் அசாருதீனே பிடித்தார். மெக்காயில் இலங்கையோடு இரண்டே பந்து ஆடியதும் மழை வந்தது. கூடவே எங்கள் பேட்டரியும் தீர்ந்தது.

மார்ச் 1, பிரிஸ்பேன், ஆஸ்திரேலியாவோடு. அதை மட்டும் இப்போதும் சகித்துக்கொள்ள முடியவில்லை. மழையில் மூன்று ஓவர் போயிற்று, இலக்கில் குறைந்ததோ இரண்டே ரன். அந்த வருஷத்து மழை விதி அப்படி; அதைப் பெரியம்மாவுக்கு விளக்கப் பெரியப்பா எடுத்துக்கொண்ட பாட்டை ஐ.சி.சி. பார்த்திருந்தால் அன்றே மாற்றியிருக்கும். கடைசி ஓவரில் பதின்மூன்று வேண்டும். கிரண் மோரே முதல் இரண்டு பந்திலும் பவுண்டரி அடித்தார், மூன்றாவதில் பவுல்டு. கடைசிப் பந்தை ஸ்ரீநாத் தூக்கி அடிக்கிறார், எல்லைக்கோட்டருகே ஸ்டீவ் வா கைக்கு வந்த பந்து நழுவுகிறது, ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள், மூன்றாவதுக்கும் ஓடுகிறார்கள். ராஜு ரன் அவுட். ஒரு ரன். பெரியப்பா ரேடியோவை அணைக்கவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார். வர்ணனையாளர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், செல்லை வீணாக்கிக்கொண்டு.

அந்தப் பருவத்தோடு ஸ்ரீகாந்தும் போனார். எங்களுக்கு அவர் சீக்கா. பந்துக்குப் பந்து சூரியனைப் பார்ப்பார், மூக்கை உறிஞ்சுவார், ஸ்கொயர் லெக் பக்கம் நடந்து போய்த் திரும்புவார். ரேடியோவில் இதெல்லாம் தெரியாது என்றாலும் பெரியப்பா நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பார், சீக்கா பார்க்கிற சூரியன் இங்கேயும் எழுந்துவிட்டதா என்று. பெர்த்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்தார் சீக்கா. அதுவே கடைசி டெஸ்ட் ஆகிவிட்டது. உலகக் கோப்பை முடிந்ததும் ஒருநாள் ஆட்டமும் முடிந்தது. அறிவிப்பு, வழியனுப்பு என்று எதுவும் எங்கள் காதுக்கு வரவில்லை. அடுத்த அணிப் பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் இருப்பது மெல்போர்னில்.

விதி என்று சொன்னால் பெரிய வார்த்தை. வேலை கூட்டிக்கொண்டு வந்தது. எந்த ஊரின் பெயர் இரைச்சலுக்கு நடுவே தேய்ந்து வந்து சேர்ந்ததோ, அந்த ஊரில் ரயிலேறி, இறங்கி, நடந்தே மைதானத்துக்குப் போய்விடுகிறேன். நான் உட்காருவது பழைய தெற்கு ஸ்டாண்ட் இருந்த பக்கம். 1992-இல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். இன்று அதற்கு ஷேன் வார்ன் ஸ்டாண்ட் என்று பெயர். 150 ரன் கொடுத்த பயல். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது பக்கத்தில் திரும்பிச் சிரிக்க ஒரு ஆள் வேண்டும். பெரியப்பா இல்லை. பெரியம்மா மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார், காது கேட்பதில்லை. போனில் பேசினால் அவர் சொல்வதை நான் கேட்டுக்கொள்ளலாம், நான் சொல்வது அவருக்குப் போய்ச் சேராது.

2024 டிசம்பர் டெஸ்டுக்கு ஐந்து நாளில் 3,73,691 பேர் வந்தார்கள். அந்த மைதானத்தில் எந்த டெஸ்டுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அதில் நானும் ஒருவன். மூன்றாம் நாள் நிதிஷ் குமார் ரெட்டியும் நம்ம சென்னை வாஷிங்டன் சுந்தரும் நின்று ஆடினார்கள். நிதிஷ் 99-இல் எதிர்முனையில் நிற்க, சிராஜ் கம்மின்ஸின் பந்துகளைத் தடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடுப்புக்கும் மைதானம் கத்தியது. சதம் வந்தபோது என் காது அடைத்துவிட்டது. சுற்றிலும் தெலுங்கு, பஞ்சாபி, இரண்டு வரிசை தள்ளித் தமிழ். நானும் எழுந்து கத்தினேன். நல்ல நாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கத்தினால் நமக்குக் கெடுதல் என்று பழகிய காது இது. அந்தச் சத்தத்தில் ஒரு நொடி வயிறு கலங்குகிறது. யாரு போனா என்று கேட்டுவிட்டு, பிறகுதான் கண் பார்த்துச் சொல்கிறது, யாரும் போகவில்லை, நம்ம ஆள் நூறு என்று. இப்போது பாதிக் கூட்டம் நம்முடையது. சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடிவதில்லை.

கையில் போன் இருக்கிறது, பந்துக்குப் பந்து. திரையில் நாலு கோணத்தில் திரும்பக் காட்டுகிறார்கள், பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று கோடு போட்டுக்கூடக் காட்டுகிறார்கள். நடுவில் எந்தப் பந்தும் தொலைவதில்லை. தொலைந்த பந்தை நாமே ஆடிக்கொள்ள இடமில்லாத அளவுக்கு எல்லாம் இருக்கிறது. ஒருநாள் வீட்டில் போனிலேயே வானொலி வர்ணனையைப் போட்டுப் பார்த்தேன். ஜிம் மேக்ஸ்வெல், அன்றைக்கும் இருந்தவர். அத்தனை தெளிவு. பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல் கேட்டதும் அணைத்துவிட்டேன்.

மகள் கேட்டாள், அப்பா, அந்த சீரிஸில் நாம் ஜெயித்த டெஸ்டே இல்லையா? இல்லை என்றேன். அப்புறம் ஏன் விடியற்காலையில் எழுந்தீர்கள்? அவள் பிறந்தது இங்கே. விடியற்காலை என்றால் அவளுக்கு விமானம் பிடிப்பது. அந்தக் குளிரையும், அடுப்படியிலிருந்து வரும் வெண்பொங்கல் வாசனையையும், முள் நகராமல் இருக்க மூச்சை அடக்கி நடந்ததையும் சொல்லலாம் என்று தொடங்கினேன். இரண்டு வாக்கியம் கேட்டாள், நல்ல பெண். எனக்குத்தான் ஓடவில்லை.

இந்தியா இனி எப்போது வந்தாலும் டிக்கெட் வாங்கிவிடுவேன். அதே ஸ்டாண்டில், நிழல் விழும் பக்கமாகப் பார்த்து. வேறென்ன செய்ய?