மந்திரமும் சூனியமும்

மந்திரம் என்றால் ஓதுகிறார்கள். சூனியம் என்றால் வைக்கிறார்கள். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஏவுகிற வேலைதான். ஆனால் ஓதுகிறவருக்குத் தட்சணை. வைத்ததாகச் சொல்லப்படுகிறவளுக்குக் கம்பத்தில் கட்டி அடி. தமிழில் இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில் ஒரு தெருவே ஓடுகிறது. அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் சேரி. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில், ஆட்டு இரத்தம் சிந்தி வெறியாடும் வேலனை 'மூடநம்பிக்கை' என்று இரண்டு வரியில் கடந்துபோனார்கள். வேந்தர்கள் செய்த வேள்விக்கு ஒரு வாரம் பாடம் நடந்தது. அதற்குப் பெயர் 'பண்பாடு'.

இதே பிரிவினையை நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் பார்த்தேன். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி ஆடுவது. பல மாற்றங்களுக்குப் பிறகு, பழைய வடிவத்தையே 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்று மறுபடியும் விட்டார்கள். நான் ஆடியது இதைத்தான். 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து வீட்டோடு வந்துவிட்ட தம்பி சொல்லிக்கொடுத்தான். "இதெல்லாம் ஒரு விஷயமா தோழர்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்ம விடுதிப் பையன்கள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள். அங்கேயும் அரசியல் நடக்கிறது.

விளையாட்டின் முக்கியமான பகுதி 'டஞ்சன்'. தனி ஆளாகப் போனால் செத்துவிடுவோம். ஐந்து பேர் கூட்டாகத்தான் நுழைய வேண்டும். எதிரியின் அடியைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறவர் ஒருவர், அவர் டேங்க். காயம் ஆற்றுகிறவர் ஒருவர், அவர் ஹீலர். மிச்சம் மூன்று பேர் எதிரியை அடித்து வீழ்த்துகிறவர்கள். இந்த மூன்று இடங்களுக்குத்தான் போட்டி. அதில் மந்திரத்தால் அடிக்கிற இரண்டு வகுப்புகள் மேஜ், வார்லாக். இரண்டு பேரும் துணி அங்கிதான் போடுவார்கள். இரண்டு பேரும் தூர நின்று நெருப்பு எறிவார்கள். தமிழில் சொன்னால் ஒருத்தர் மந்திரவாதி, இன்னொருத்தர் சூனியக்காரர்.

"அக்கா, நீ மேஜ் எடுத்துக்கோ. எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்" என்றான் தம்பி. அவன் மேஜ். நான் ஓர்க் என்கிற இனத்தில் பாத்திரம் செய்திருந்தேன். ஓர்க் மேஜ் ஆக முடியாது, பிறப்பு அப்படி. (விளையாட்டின் முதன்மை வடிவத்தில் 2010இல் ஓர்க்குகளுக்கு அந்தக் கதவைத் திறந்தார்கள். கிளாசிக்கில் பழைய சட்டம்தான்.) ஆகவே வார்லாக் எடுத்தேன்.

முதலில் மேஜ் என்ன செய்வான் என்று பார்ப்போம். தண்ணீரும் ரொட்டியும் வரவழைத்துத் தருவான். மந்திர சக்திக்கு 'மானா' என்று பெயர். அது தீர்ந்துவிட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துத்தான் ஏற்ற வேண்டும். அதனால் ஹீலருக்கு மேஜ் கையால் வரும் தண்ணீர் உயிர்நாடி, காசும் மிச்சம். அடுத்தது, எதிரிகளில் ஒருவனை ஆடாக மாற்றிவிடுவான். ஐந்து பேர் பாய்ந்து வந்தால் ஒருவன் 50 விநாடிக்கு ஆடு. நான்கு பேரோடு மோதினால் போதும். மனிதர், விலங்கு என்ற வகைகளிடம்தான் இது செல்லும். யாராவது ஆட்டை இடித்துவிட்டால் கலைந்துவிடும். மூன்றாவது, கூட்டமாக வருகிறவர்களை மொத்தமாக உறையவைத்து, மேலே பனிமழை பெய்து அடிப்பான். ஸ்கார்லெட் மொனாஸ்டரி என்ற மடத்தில், தங்களைத் தவிர எல்லாரும் தீட்டுப்பட்டவர்கள் என்று நினைக்கிற ஒரு மதவெறிக் கூட்டம் குடியிருக்கிறது. அங்கே இரண்டு மூன்று மேஜ் சேர்ந்துவிட்டால் டஞ்சன் துடைத்துப்போட்டதுபோல் ஆகிவிடும்.

இனி வார்லாக். சாகிற எதிரியிடமிருந்து ஆன்மாவை உறிஞ்சித் துண்டாக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் எங்கள் மூலப்பொருள். முதல் பையில் இருப்பதே 16 இடங்கள். ஒரு துண்டு ஒரு இடத்தை அடைத்துக்கொள்ளும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. ஊருக்குக் கிளம்புகிற அம்மா மாதிரி மூட்டையோடுதான் அலைய வேண்டும். ஒரு துண்டைக் கொடுத்தால் நலக்கல் வரும். டேங்க் சாகக் கிடக்கும்போது அதைத் தின்று பிழைப்பார். இன்னொரு துண்டுக்கு ஆன்மக்கல். ஹீலர்மேல் வைத்துவிட்டால் 30 நிமிடத்துக்குள் அவர் செத்தாலும் தானே எழுந்து மற்றவர்களை எழுப்புவார். எல்லாரும் செத்து, வெகுதூரத்துச் சுடுகாட்டிலிருந்து நடந்து வருகிற துன்பம் மிச்சம். இன்னொரு துண்டுக்கு அழைப்புச் சடங்கு: வார்லாக்கோடு இரண்டு பேர் இருந்தால், உலகத்தின் மறுகோடியில் நிற்கிறவனையும் டஞ்சன் வாசலுக்கு இழுத்துவிடலாம். மேஜும் வாசல் திறப்பான். ஆனால் அது பெரிய நகரங்களுக்கு மட்டும். காட்டுக்கும் மலைக்கும் அழைக்க வார்லாக்தான் வேண்டும்.

ஆடாக மாற்ற முடியாத பேய்களையும் பூதங்களையும் வார்லாக் 30 விநாடி கட்டிவைப்பாள். பிளாக்ராக் டெப்த்ஸில் இருக்கிற குள்ளர்களுக்கு மேஜின் ஆடு செல்லும். அதே இடத்து நெருப்புப் பூதங்களுக்குச் செல்லாது, எங்கள் கட்டுதான். அடிபட்ட எதிரி பயந்து ஓடிப்போய்ப் பக்கத்து அறைக்காரனையும் கூட்டிவருவான்; அவன் ஓடாமல் நிற்க எங்களிடம் ஒரு சாபம் உண்டு. குறை என்ன? எதிரியை மிரட்டி ஓடவைக்கிற எங்கள் வித்தை டஞ்சனுக்குள் ஆபத்து. ஓடுகிறவன் நாலு பேரோடு திரும்புவான். இன்னொன்று, மானா தீர்ந்தால் நாங்கள் சொந்த உடம்பை வெட்டி ஏற்றிக்கொள்கிறோம். உயிரைக் கொடுத்து மானா. "ஏன் இந்தம்மாவுக்கு எப்பவும் ரத்தம் கம்மியா இருக்கு?" என்று ஹீலர்கள் முனகுவார்கள்.

கணக்காகச் சொன்னால் இதுதான். பழகின டஞ்சன், மனிதர்கள் நிறைந்த டஞ்சன், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் மேஜ். புது ஆட்கள், தூரமான இடம், சாவு நிச்சயம் என்றால் வார்லாக். இரண்டு பேரும் இருந்தால் இன்னும் நல்லது. வார்லாக் தன் உயிரைத் தேய்த்து மானா ஆக்கிக்கொண்டு, மேஜின் ரொட்டியைத் தின்று உயிரை ஏற்றிக்கொள்வாள். ஹீலருக்குப் பாரம் இல்லை. நானும் தம்பியும் அப்படித்தான் ஆடினோம்.

ஆனால் மதிப்பு இந்தக் கணக்கின்படி வருவதில்லை. விளையாட்டின் வரைபடத்தைப் பாருங்கள். மனிதர்களின் தலைநகரம் ஸ்டார்ம்விண்ட். அதில் மேஜ்களுக்குத் தனிப் பேட்டை, நடுவில் வானைத் தொடும் கோபுரம். அதே பேட்டையில் ஒரு சாராயக்கடை. அதன் பெயர் 'வெட்டுண்ட ஆட்டுக்குட்டி'. அந்தக் கடைக்குக் கீழே படியிறங்கிப் போனால் இருட்டறையில் வார்லாக் ஆசான்கள் ஒளிந்திருக்கிறார்கள். குள்ளர்களின் அயன்ஃபோர்ஜில் வார்லாக்குகள் இருப்பது 'கைவிடப்பட்ட குகை'யில். எங்கள் ஓர்க்குகளின் ஓர்கிரிமாரில் 'நிழல் பிளவு' என்கிற இருட்டுச் சந்தில். இந்த இரண்டு இடங்களிலும் வார்லாக்குக்குப் பக்கத்து வீடு திருட்டு வகுப்பார். சூனியக்காரியும் திருடனும் ஒரே சேரி. குற்றப்பரம்பரைச் சட்டம் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. செத்தவர்கள் எழுந்து கட்டிய பாதாள நகரத்தில் மேஜும் வார்லாக்கும் ஒளியாமல் ஒரே பேட்டையில் இருக்கிறார்கள். எல்லாராலும் வெறுக்கப்பட்டவர்களின் ஊரில் அந்தத் தெரு இல்லை.

வார்லாக்தான் தலித் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். வார்லாக்குக்குக் கீழேயும் ஒருவன் இருக்கிறான். கூப்பிட்டதும் வந்து, முணுமுணுத்துக்கொண்டே நமக்காகச் சண்டைபோடும் ஒரு குட்டிப் பேய். பேயை அடிமையாக்கும் மந்திரமே எங்களிடம் இருக்கிறது. மேலே கோபுரம், கீழே நிலவறை, அதற்கும் கீழே அந்தக் குட்டி. படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதை ஒரு வெள்ளைக்காரன் விளையாட்டுக்காகக் கட்டிவைத்திருக்கிறான். அதோடு வார்லாக்கை ஒரு பொத்தானில் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். காலனியில் பிறந்தவளுக்கு அந்தப் பொத்தான் கிடையாது.

ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. சாவோடு சேர்ந்த வேலையை ஒருத்தரிடம் தள்ளிவிட்டு, அதனால் வரும் பலனை மட்டும் எடுத்துக்கொள்கிற வழக்கத்தில் இருக்கிறது. ஒருமுறை பிளாக்ராக் டெப்த்ஸுக்கு ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். நாங்கள் மூன்று பேர் நடந்துபோய் வாசலில் நின்றோம். இரண்டு துண்டு செலவழித்து மிச்சம் இரண்டு பேரை இழுத்தேன். நலக்கல் எல்லாருக்கும் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைவனின் சிநேகிதன் ஒருவன் அங்கே வந்து சேர்ந்தான்; மேஜ். "நன்றி, மன்னிக்கவும், எங்களுக்குத் தண்ணீர் தேவை" என்று எழுதிவிட்டு என்னை நீக்கினார்கள். நான் கொடுத்த கல் அவர்கள் பையிலேயே இருந்தது. அதைத் திருப்பித் தரும் தீட்டு யாருக்கும் இல்லை.

இதை விளையாட்டு என்று விட்டுவிட்டேன். அடுத்ததை விட முடியவில்லை. தமிழ் பேசுகிற ஒரு குழு கிடைத்தது. பேச்சு வழியாகவே ஆடுவார்கள். மூன்றாம் நாள் ராத்திரி டேங்க் ஆடுகிறவர் கேட்டார்: "அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?" சொன்னேன். "எங்க மாமா வீடு அங்கதாங்கா. ஊருக்குள்ளயா?" "இல்லப்பா, காலனி." கொஞ்ச நேரம் யார் குரலும் வரவில்லை. அப்புறம் எல்லாரும் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். மறுவாரத்திலிருந்து டஞ்சனுக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் செய்தி மட்டும் வரும்: "அக்கா, ஒரே ஒரு சம்மன் போட்டுட்டுப் போங்களேன்." சாதியைக் கேட்டார் என்று யாரிடமும் புகார் சொல்ல முடியாது. அவர் ஊரைத்தான் கேட்டார். தம்பியிடம் சொன்னபோது, "நான் எங்கயும் சென்னைன்னுதான் சொல்லுவேன். நீ ஏன்க்கா சொன்ன?" என்றான். ஏன் சொல்லக் கூடாது என்று நான் திருப்பிக் கேட்டேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருமே ஆடவில்லை.

நம் மேடைகளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். "நாம இல்லன்னா இந்த ஊரு நாறிப்போகும். நம்ம உழைப்பு இல்லாம ஒரு வேளை சோறு வேகாது." உண்மைதான். ஆனால் நாம் தேவை என்பது அவர்களுக்கு எப்போதும் தெரிந்தே இருக்கிறது. சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது நம் தெருவுக்குத்தானே? தேவை என்பது வேறு, மதிப்பு என்பது வேறு. தேவையைக் காட்டி மதிப்பைக் கேட்டால் தேவையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கூட்டத்தில் யார் இருப்பது, யார் போவது என்று முடிவுசெய்கிற இடத்தில் நம் ஆள் உட்கார வேண்டும். பேரம் அங்கேதான் இருக்கிறது, பையில் இருக்கும் ஆன்மத்துண்டில் இல்லை. 1927இல் மகாடில் அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது தாகத்துக்கு மட்டுமா? யார் குடிக்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தைத் தொட்டார்.

இப்போது படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் எங்களோடு ஆடுகிறார்கள். கூட்டத்தை நானே கூட்டுகிறேன். நீக்கும் அதிகாரம் என் கையில். மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். வாசலில் நின்று மற்றவர்களை அழைத்தவரை நீக்குவதில்லை. கல் வாங்கினவர் கொடுத்தவரோடு முடிவுவரை நிற்க வேண்டும். எந்த ஊர் என்று கேட்கலாம். எந்தத் தெரு என்று கேட்டால் அந்த ஆளுக்கு அன்றோடு ஆட்டம் முடிந்தது. இந்த மூன்றாவது விதியை எழுதும்போது ஒரு பையன் கேட்டான்: "அக்கா, இத வெளியில எப்ப போடுவோம்?"