ஈடும் பங்கும்

எனது பெரியப்பா சவர்க்காரம் செய்து விற்றவர். வீட்டின் பின்புறக் கொட்டிலிலே, தேங்காய் எண்ணெயும் எரிசோடாவும் சேர்ந்து இறுகிய பாளங்களைக் கட்டிகளாக வெட்டி அடுக்குவதில், சிறுவனாக இருந்த நானும் உதவியிருக்கிறேன். சரக்கு நல்ல சரக்கு. ஊர்க் கடைக்காரர் மறுக்காது வாங்கினர். எனினும் இரண்டாண்டுகளுள் அத்தொழில் மூடப்பட்டது. பெரியம்மாவின் சீதன வீடு ஈட்டுக் கடனுக்காக விற்கப்பட்டது.

விலைபோகும் பொருளைச் செய்தவர் எவ்வாறு வீழ்ந்தார் என்ற வினா நெடுங்காலம் என்னை விட்டு அகலவில்லை. வணிகவியல் பயில வந்த பின்னரே விடை கிடைத்தது. வார்த்த சவர்க்காரம் உலர்ந்து இறுக ஒரு மாதம். கடனாக எடுத்த கடைக்காரர் பணந்தர மேலும் இரண்டு மாதம். வட்டியோ மாதந் தவறாது வந்து நின்றது. விற்பனை பெருகப் பெருக, எண்ணெய் வாங்குவதற்குக் கடனும் பெருகிற்று. கணக்கேட்டில் இலாபம் இருந்தது. கைப்பெட்டியிற் காசு இருக்கவில்லை.

தொழிற்றிட்டம் எனப்படுவது இதனை முன்கூட்டியே காட்டும் கண்ணாடியாகும். எந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும், எந்த மாதத்திற் கையிருப்பு வற்றும் என்பனவே அதன் உயிர்நிலை. பெரியப்பாவும் கடன் கேட்டபோது ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆனால் துருவித் துருவிப் படிக்கப்பட்டது வீட்டின் உறுதியே அன்றித் திட்டமன்று. வீடு கைக்குள் இருக்கையில் திட்டத்தைப் படிப்பானேன்?

இதற்கு மாறான ஒரு வழக்கினை அமெரிக்க வரலாற்றிலே காண்கிறோம். ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் டோரியோ முதலியோர் 1946 இல் ஒரு துணிகர மூலதன நிறுவனத்தை அமைத்தனர். கென் ஓல்சன், ஹாலன் அன்டர்சன் என்ற இரு பொறியியலாளர் 1957 இல் தம் திட்டத்துடன் அதனை அணுகினர். நிறுவனம் 70,000 டொலர் முதலிட்டு, நூற்றுக்கு எழுபது பங்கினைத் தனதாக்கிக்கொண்டது. கணினித் தொழிலில் அக்காலத்தார்க்கு நம்பிக்கையில்லாமையால், திட்டத்தில் அச்சொல்லையே தவிர்க்குமாறு தமக்கு அறிவுரை கூறப்பட்டதாக ஓல்சன் பின்னாளிற் சொல்லியுள்ளார். அவர்கள் முதலில் ஆய்வுகூடங்களுக்கான மின்னணுக் கூறுகளை விற்று வருவாய் தேடினர். அதன் பின்னரே கணினி செய்தனர். அவ்வாறு வளர்ந்ததே டிஜிற்றல் எக்யுப்மென்ற் நிறுவனம். பதினைந்து ஆண்டுகளுள் அந்த எழுபதினாயிரத்தின் பெறுமதி 35 கோடி டொலரைக் கடந்தது.

இஃது அறக்கொடையன்று. தம் நிறுவனத்தின் பெரும்பங்கை அவ்விருவரும் இழந்தே பணம் பெற்றனர். துணிகர முதலீடுகளிற் பல அழிந்துபோக, ஒன்றிரண்டின் பெருவெற்றியே அனைத்தையும் ஈடுசெய்கிறது. அத்தகைய வளர்ச்சிக்கு இடமில்லாத சவர்க்காரக் கொட்டிலை டோரியோ ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டார் என்பதையும் நான் அறிவேன். ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகிறது: நட்டத்திற் பங்குகொள்பவன் திட்டத்தைப் படிக்கிறான், ஈடு கொள்பவன் உறுதியைப் படிக்கிறான். முன்னவன் முயற்சியாளனிடம், 'எட்டாம் மாதத்தில் என்ன செய்வாய்?' என்று கேட்டே தீரவேண்டும். அவனுடைய பணமும் அங்கேயே கிடக்கிறது. பெரியப்பாவிடம் அவ்வினாவை எவரும் கேட்கவில்லை.

இன்று மாணவர் சிலர் தம் தொழிற்றிட்டங்களை என்னிடம் காட்ட வருவதுண்டு. விற்பனை மதிப்பீடுகள் ஏறுமுகமாகவே இருக்கும். நான் முதலிற் காசு வற்றும் மாதத்தைக் கேட்கிறேன். அடுத்து, தொழில் தவறினால் யாருடைய வீடு போகும் என்று கேட்கிறேன். இரண்டாவது வினாவுக்குப் பலர் மௌனமாகிவிடுகின்றனர்.

பெரியம்மா தம் இறுதிக்காலம் வரை வாடகை வீட்டிலேயே இருந்தார். பெரியப்பாவைக் குறைகூறி ஒரு சொல்லும் சொன்னதில்லை. "சாமான் நல்ல சாமான்தானே, தம்பி" என்பார். உண்மைதான். சாமானில் ஒரு குறையும் இருக்கவில்லை.